மூன்றாம் பக்கத்தில் உள்ளபடி

நான் பழி வாங்கியது ஒரு பிக்னிக்கை வைத்து. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் டெல்லியில் முப்பத்தைந்து வருஷமாக மத்திய அரசு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்பிள்ளைக்கு வேறு என்ன ஆயுதம் கிடைத்துவிடும்? எனக்குத் தெரிந்தது ஃபைல் ஒன்றுதான். ஃபைலில்தான் என்னைக் கவிழ்த்தார்கள். ஃபைலிலேயே நானும் கவிழ்த்தேன்.

யாரை என்று பேர் சொல்ல மாட்டேன். சார் என்றே வைத்துக்கொள்ளலாம், இன்றைக்கும் நேரில் அப்படித்தான் கூப்பிடுகிறேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் எங்கள் அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரி. நான் அவருக்குக் கீழே புதிதாக வந்த செக்ஷன் ஆபீசர். அவர் தஞ்சாவூர்ப் பக்கம், நான் திருநெல்வேலி. தமிழ் ஆள் மேலே இருக்கிறார், நம்மைப் பார்த்துக்கொள்வார் என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். அந்த அசட்டுத்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

நான் அனுப்பும் ஃபைலில் சார் ஒரு நாளும் நாலு வரி எழுதியதில்லை. ஓரத்தில் ‘டிஸ்கஸ்’ என்று ஒரே ஒரு வார்த்தை கிறுக்கித் திருப்பி அனுப்புவார். பேச வா என்று அர்த்தம். நான் எழுந்து அவர் அறைக்குப் போவேன், அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு வாயால் சொல்லுவார். திரும்பி வந்து அவர் சொன்னதையெல்லாம் என் சொந்த யோசனை மாதிரி என் கையெழுத்தில் எழுத வேண்டும். நல்லபடியாக முடிந்தால் பெருமை அவருக்கு. கோளாறானால் காகிதத்தில் இருப்பது என் கை மட்டும். அவர் பேசியதற்குச் சாட்சி அந்த அறையின் நான்கு சுவர்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அவர் அறைக்குப் போகவில்லை. அவரே என் மேஜைக்கு வந்தார். குளிர்காலம். செக்ஷனில் பாதிப் பேர் வெளியே புல்தரையில் வெயில் காய்ந்துகொண்டு கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் எங்கேயென்று கேட்க ஆளில்லை. டீக்காரர் என் மேஜையில் டம்ளரை வைத்துவிட்டு நகர்கிறார், மணி மூன்று. சார் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் ஒரு பெட்டியோடு நின்றார். மேலிடத்துச் சம்மதம் இன்னும் வராத ஓர் அனுமதிக் கடிதம் என்னிடம் இருந்தது. “அந்த லெட்டரை இன்னிக்கே அனுப்பிடு. ஃபைல் திரும்பி வரட்டும், மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார். அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கடிதம் வெடித்தது. சம்மதம் வரவேயில்லை, கடிதம் மட்டும் போயிருக்கிறது, யார் அனுப்பச் சொன்னது என்று விசாரணை. சார் வாயால் சொன்னார் என்று எழுதிக் கொடுத்தேன். சார் பதில் எழுதினார், அதுவும் ஒரு முழுப் பக்கம். அந்தத் தேதியில் விடியற்காலை ஆறு மணிக்கே ராஜஸ்தானுக்கு டூர் கிளம்பிவிட்டதாகவும், மூன்று மணிக்கு அலுவலகத்தில் இருக்க வாய்ப்பே இல்லை என்றும் எழுதினார். டூர் டயரியும் அப்படியே சொன்னது. டீக்காரர் அதற்குள் பீகாருக்குப் போய்விட்டிருந்தார். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கிடைத்தது, பதவி உயர்வு ஆறு வருஷம் தள்ளிப் போனது. எனக்குக் கீழே ஃபைல் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எனக்கு மேலே போய் உட்கார்ந்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள்.

கடிதம் போன அன்றைக்கே, அதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, கும்பகோணத்தில் மாமியின் அப்பா போய்விட்டார். மாமி என்றால் சாரின் மனைவி. டெல்லிக்காரர்களுக்கு ஊரிலிருந்து அப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் அழுகை வராது, இரண்டு ராத்திரி ரயில்தான் ஞாபகத்துக்கு வரும். பிளேனுக்கு ஏற்பாடு செய்ய, கூட வர, புருஷன் வேண்டும். சார் டூரில் இருந்தார். செல்ஃபோன் எல்லார் கையிலும் வராத காலம். மாமி மறுநாள் மத்தியானம் வரைக்கும் அவர் எங்கிருந்தாவது கூப்பிடுவார் என்று காத்திருந்துவிட்டு, இரண்டு குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு தனியாக ரயில் ஏறினார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

காரியமெல்லாம் முடித்து மாமி திரும்பி வந்ததும் துக்கம் விசாரிக்கப் போனேன். அப்போது எனக்கு மெமோ வந்திருக்கவில்லை, சாரோடு எந்தப் பகையும் இல்லை. மாமி என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதார். சார் அந்த நேரத்தில் ராஜஸ்தானில் ஒரு குன்றின் மேல் பழைய புத்த மடத்தின் முன்னால் நின்றாராம், நாலு மணி இருக்குமாம், காரணமே இல்லாமல் அவர் மனசு கலங்கிப் போயிற்றாம். மூன்று மணிக்கு என் மேஜைப் பக்கத்தில் நின்ற மனிதர் அவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு என்ன, காலம் ஓடியது. சார் நல்ல பேரோடு ஓய்வு பெற்று, டெல்லி துவாரகையில் ஃப்ளாட் வாங்கி, எங்கள் தமிழ்க் குடும்பங்களின் சங்கத்துக்குத் தலைவரானார். நான் ஆறு வருஷம் தாமதமாக அண்டர் செக்ரட்டரி ஆகி, மோதி பாக்கில் சர்க்கார் குவார்ட்டர்ஸ் கிடைத்து, அதே சங்கத்தில் செயற்குழு உறுப்பினரானேன். ஏன் சேர்ந்தாய் என்று கேட்டால், அவரைக் கண்ணுக்கு முன்னாலேயே வைத்திருக்க வேண்டும் என்றுதான். மறந்துவிட்டேன் என்று அவர் நினைத்திருக்கலாம். கறுவிக்கொண்டே இருந்தேன்.

பொங்கல் விழா, நவராத்திரி, யாராவது ஊருக்கே திரும்பிப் போகும் பிரிவு விழா, எதுவானாலும் சார் மைக்கைப் பிடித்தால் அந்த புத்த மடம் வந்துவிடும். வருஷத்துக்கு வருஷம் கதைக்குச் சதை போட்டது. முதலில் குன்று மட்டும் இருந்தது. அப்புறம் ஜீப் உச்சி வரைக்கும் போயிற்று. அப்புறம் ஒரு காவலாளி வந்து துளசி போட்டு டீ கொடுத்தார். வட்டமாக ஒரு கோயில், அதன் வாசலில் சார், நாலு மணி வெயில், மனசுக்குள் ஓர் அழைப்பு. மாமி முதல் வரிசையில் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நான் மூன்றாவது வரிசையில் கேசரித் தட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன். அந்தக் குன்றின் மேல்தான் என் ஆறு வருஷம் புதைந்து கிடந்தது.

எங்கள் சங்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் சர்க்கார் உத்தியோகம், இல்லாவிட்டால் சர்க்கார் பென்ஷன். அதனால் பிக்னிக் போவதற்குக்கூட ஃபைல் போடுவோம். பச்சைத் தாள், நாடா, பக்க எண் எல்லாம் உண்டு. ஒருவர் இடத்தை முன்மொழிந்து எழுதுவார். இன்னொருவர் முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்து, ஒரு நாள் செலவழிக்கத் தகுந்த இடம்தானா என்று குறிப்பு எழுதுவார். பஸ் நிற்க இடம், கழிப்பறை, தயிர்சாதம் பிரித்துச் சாப்பிட நிழல், குரங்குத் தொல்லை, ஏற்ற இறக்கம் என்று வரிசையாக வரும். தலைவர் அங்கீகரித்துக் கையெழுத்துப் போட்டால் போவோம். வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் பிக்னிக்கில் இதுவரை யாரும் கழிப்பறை இல்லாமல் தவித்ததில்லை.

போன குளிர்காலத்தில் சாரும் மாமியும் டெல்லியைக் காலி செய்துகொண்டு பெங்களூரில் மகனோடு போய் இருப்பது என்று முடிவானது. மாமிக்கு ஒரே ஓர் ஆசை. இவர் அன்றைக்கு நின்ற இடத்தில் நானும் ஒரு தடவை நிற்க வேண்டும், அப்பாவை நினைத்துக்கொள்ள எனக்கு வேறு இடம் இல்லை என்று செயற்குழுக் கூட்டத்திலேயே வந்து சொன்னார். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். சாருக்கு மறுக்க வழியில்லை. மறுக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். ஒரு பொய்யை இருபது வருஷம் மைக்கில் சொன்னால் சொல்கிறவருக்கே அங்கே ரோடு போட்டது போல ஆகிவிடும். ஃபைலில் மூன்றாம் பக்கத்தில், தன் அழகான கையெழுத்தில், வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக ஒரு முழுப் பக்கம் எழுதினார். அலுவலக நிமித்தம் போனபோது இந்த இடத்தை நேரில் பார்த்திருக்கிறேன். வாகனம் உச்சி வரை செல்லும். முழங்கால் வலி உள்ளவர்களும் கவலையின்றி வரலாம். கீழே கையெழுத்தும் தேதியும் இருந்தன.

முன்னால் போய்ப் பார்த்து வர யார் தயார் என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

அடுத்த சனிக்கிழமை விடியலில் டாக்ஸி பிடித்தேன். ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே புகுந்து, இடது பக்கம் பிரியும் குறுகிய சாலையில் இறங்கி, கடுகு வயல்களைத் தாண்டிப் போய்ச் சேர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வழியெல்லாம் எனக்கு ஒரே கணக்குதான். மூன்று மணிக்கு என் மேஜைப் பக்கத்தில் நின்றவர் நாலு மணிக்கு இங்கே நிற்க வேண்டுமானால் பறந்துதான் வந்திருக்க வேண்டும். அது எனக்கு எப்போதோ தெரிந்த கணக்குதான். ஆனால் என் ஒருத்திக்குத் தெரிந்து என்ன செய்ய?

குன்றின் அடிவாரத்தில் வண்டி நின்றது. இறங்கிப் பார்த்தேன். படிகள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்குப் பாறைகளுக்கு இடையில் வளைந்து வளைந்து படிகள். ஜீப் அல்ல, சைக்கிளைக்கூடத் தோளில் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். காவலாளி ஓரமாக உட்கார்ந்து மப்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணே, மேலே போக வேறு வழி உண்டா, முன்னாலாவது ரோடு இருந்ததா என்று ஹிந்தியில் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய அப்பாவும் இங்கேதான் காவலாம். மேலே பழுது பார்க்கச் சிமெண்டு கொண்டுபோனதுகூடக் கழுதை மேல்தானாம். வண்டி ஏறியதாகச் சொன்னவர் எந்த இடத்தைப் பார்த்தாரோ, இதைப் பார்க்கவில்லை என்றார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு சாட்சி.

அந்தச் சந்தோஷத்திலேயே மூச்சு வாங்க வாங்க ஏறினேன். மேலே போனதும் கொஞ்ச நேரம் சாரை மறந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். யாரோ அடுக்கி வைத்துவிட்டுப் பாதியில் எழுந்து போன மாதிரி பெரிய பெரிய பாறைகள். அவற்றுக்கு நடுவே சமன் செய்த தரை. அதில் வட்டமாக ஒரு கோயிலின் செங்கல் அடித்தளம், இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது என்று பலகை சொன்னது. இன்னும் கொஞ்சம் மேலே பிக்குகள் தங்கிய அறைகள், கூரை போய்விட்டது, இடுப்பளவுச் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. ஓர் ஆள் கையைக் காலை நீட்டினால் இடிக்கும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அவ்வளவு இடம் போதும் போல. கீழே கடுகு வயல் மஞ்சளாக அடிவானம் வரைக்கும் விரிந்து கிடந்தது. காற்றைத் தவிர ஒரு சத்தம் கிடையாது. ஓர் அறைக்குள் இறங்கி உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டேன். இங்கே உட்கார்ந்து ஆசையையும் கோபத்தையும் ஒழிக்கப் பாடுபட்டார்களாம். நான் அதே இடத்தில் உட்கார்ந்து என் குறிப்பை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நியாயமாக எழுதுவதானால், படிகள் செங்குத்து, வாகனம் போகாது, தலைவர் எழுதியது தவறு என்று எழுத வேண்டும். எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஓரத்தில் ‘டிஸ்கஸ்’ என்று கிறுக்குவார். கூப்பிட்டு வைத்து, வயசாயிடுத்தும்மா, வேற ஏதோ இடத்தோட குழப்பிண்டுட்டேன் போலிருக்கு என்று சிரிப்பார். பிக்னிக் வேறு இடத்துக்கு மாறும். மாமிக்கு வீட்டில் ஏதாவது சொல்லிப் பூசி மெழுகிவிடுவார். ஃபைலைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள், அவரும் பெங்களூர் போய்விடுவார். இன்னொரு தடவை அவர் வாய்ப்பேச்சில் விழ நான் தயாராக இல்லை.

ஆகவே முப்பத்தைந்து வருஷத்தில் கற்றுக்கொண்ட வேலையெல்லாம் காட்டி எழுதினேன். பழமை: மிகவும் தொன்மையானது. இயற்கைக் காட்சி: மிக அருமை. கழிப்பறை: அடிவாரத்துக் கோயிலில் உண்டு, சுத்தம். நிழல்: அடிவாரத்தில் தாராளம், மேலே வர இயலாதவர்கள் அங்கேயே அமரலாம். குரங்கு: உண்டு, தொல்லை இல்லை. உச்சிக்குச் செல்லும் வழி: ஏற்கெனவே நேரில் பார்த்த தலைவர் அவர்கள் மூன்றாம் பக்கத்தில் விளக்கியுள்ளபடியால் இங்கே மீண்டும் கூறப்படவில்லை. ஒரு நாள் சென்றுவரத் தகுந்த இடம் எனப் பரிந்துரைக்கப்படுகிறது. தலைவர் அவர்களே முன்னின்று சுற்றிக்காட்ட வேண்டும் எனவும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

ஒரு பொய் இல்லை பாருங்கள். எந்த விசாரணை வந்தாலும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. சார் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தும் ஒன்றும் சொல்லவில்லை என்றால், தான் விட்ட கதை எப்படியோ நிஜமாகவே இருந்துவிட்டது என்று நினைத்திருப்பார். ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை நான் ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த தூக்கம் மாதிரி பதவி உயர்வு வந்த அன்றுகூடக் கிடைக்கவில்லை.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடுபனி விலகாத நேரத்தில் மோதி பாக் வாசலிலிருந்து பஸ் கிளம்பியது. நாற்பது பேர். புளியோதரை, தயிர்சாதம், ஃப்ளாஸ்க், அந்தாட்சரி எல்லாம் வழக்கம்போல இருந்தது. மாமி பட்டுப் புடவை கட்டியிருந்தார், மடியில் ஒரு சின்ன டப்பாவில் எள்ளுருண்டை. அப்பாவுக்குப் பிடிக்கும் என்று என்னிடம் காட்டினார். நான் டப்பாவைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். டிரைவரிடம் ஜல்தி போ ஜல்தி போ என்று எல்லாரும் சொல்லியும் நாலரை மணி நேரம் ஆயிற்று.

அடிவாரத்தில் எல்லாரும் இறங்கினார்கள். சார் மைக் இல்லாமலேயே மைக் குரலில், இன்னும் கொஞ்சம் முன்னால் போகட்டும், ரோடு அந்தப் பக்கம் இருக்கிறது என்று டிரைவரிடம் ஹிந்தியில் சொன்னார். டிரைவர் காவலாளியைக் கேட்டார். காவலாளி என்னிடம் சொன்னதையே, கழுதை, சிமெண்டு, அவருடைய அப்பா எல்லாவற்றையும் நாற்பது பேருக்கும் கேட்கும்படி சொன்னார். சார் அண்ணாந்து படிகளைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்க்கிற ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் பார்த்தார். அந்த முகத்தை நான் ஒரு சொட்டு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் ரோடு இருந்தது, மழையில் போயிருக்கும் என்று ஏதோ முனகினார். பொருளாளர் தயிர்சாதப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

எனக்கு அதுவே போதுமாக இருந்தது. நான் திட்டம் போட்டதும் அவ்வளவுதான். நாற்பது பேர் முன்னால் மூக்கு அறுபட வேண்டும், இவர் அன்றைக்கு இங்கே இல்லை என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும், அதைத் தாண்டி நான் யோசிக்கவில்லை. மாமிதான் யோசித்தார். அவர் சாரின் பக்கம் திரும்பிய வேகத்தில் எள்ளுருண்டை டப்பா கையில் ஆடியது.

“அன்னிக்கு நீங்க எங்க இருந்தேள்?” என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

சாருக்கு இந்தத் தடவை பேசுவதற்கு அறை இல்லை, நாற்காலி இல்லை. மாமி அவருக்காகக் காத்திருக்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“நீ அப்போ இவர் செக்ஷன்லதானே இருந்தே? உனக்குத் தெரியுமா?”

இருபத்திரண்டு வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ஏங்கிய கேள்வி. விசாரணை அதிகாரி கேட்கவில்லை. மேல்முறையீடு படித்தவர் கேட்கவில்லை. மாமி கேட்டார். பதில் என் நாக்கில் தயாராகவே இருந்தது.

“ஆபீஸ்லதான் இருந்தாங்க மாமி. மத்தியானம் மூணு மணிக்கு என் சீட்டுக்கு வந்து பேசினாங்க. அதுக்கப்புறம் எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியாது.”

மாமி தலையை ஆட்டினார். அவர் மனதுக்குள் ஓடியது என்னவென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதே கணக்கை நான் போட்டிருக்கிறேன். மூன்று மணிக்கு டெல்லியில் இருந்த புருஷன் நாலு மணிக்கும் டெல்லியில்தான் இருந்திருப்பார். வீட்டில் ஃபோன் பக்கத்தில் மாமி உட்கார்ந்திருந்த அந்த ராத்திரியும், மறுநாள் காலையும், அதே ஊரில் எங்கேயோ. ஒரு பிளேன் டிக்கெட் எடுத்திருந்தால் அப்பா முகம் கிடைத்திருக்கும். சார் அங்கே கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். மாமி அவரைத் திரும்பிப் பார்க்காமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார்.

முழங்கால் தேய்ந்த மனுஷி. வேண்டாம் மாமி என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் பக்கத்தில் போய்க் கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டார். நாலு படி ஏறுவார், நிற்பார், பாறையில் சாய்வார், மறுபடி நாலு படி. எனக்கோ உள்ளுக்குள் கும்மாளம் அடங்கவில்லை. நமக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டாள், இவளும் அந்த ஆளிடம் ஏமாந்தவள்தான், இனி இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரை நன்றாகத் திட்டலாம் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். மேலே போனதும் வட்டக் கோயில் எது என்று கேட்டார், காட்டினேன். அவர் நின்றதாகச் சொன்ன இடத்தில் போய் நின்றார். வெகு நேரம் நின்றார். எள்ளுருண்டை டப்பாவைத் திறக்கவில்லை. காற்று தலைப்பைப் பிடித்து இழுத்தது, அதைக்கூடச் சரி செய்துகொள்ளவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டார்.

“அப்பா காரியம் முடிஞ்சு வந்தப்போ நீ துக்கம் கேக்க வந்தே. எதிர்ல உக்காந்து காப்பி குடிச்சே. அன்னிக்கே உனக்குத் தெரியும்தானே?”

தெரியும் என்றேன்.

“ஏன் சொல்லலை?”

பொய் சொல்லியிருக்கலாம். சார் மாதிரி ஏதாவது கதை கட்டியிருக்கலாம். ஆனால் அந்த மொட்டைக் குன்றின் மேல் எனக்கு நிஜம்தான் வந்தது.

“எனக்கு ப்ரமோஷன் வர வேண்டியிருந்தது மாமி. அதுக்கு என்னைப் பத்தின வருஷ ரிப்போர்ட் சார்தான் எழுதணும்.”

மாமி என்னைப் பார்த்தார். “அச்சா” என்றார். டெல்லியில் அந்த வார்த்தைக்குப் பத்து அர்த்தம் உண்டு. இது காய்கறிக்காரர் சொல்லும் விலையைக் கேட்டுவிட்டு, வாங்காமல் நகரும்போது சொல்கிற அச்சா. என் கையை விட்டுவிட்டார். கீழே இறங்கும்போது காவலாளியைக் கூப்பிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் பின்னால் தனியாக இறங்கினேன்.

திரும்பி வரும் நாலரை மணி நேரமும் மாமி டிரைவருக்குப் பின்னால் தனி சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சார் கடைசி சீட்டில் இருந்தார். யாரும் அந்தாட்சரி ஆடவில்லை. சங்க வழக்கப்படி அடுத்த வாரம் நான் முடிவுக் குறிப்பு எழுதினேன். இடம் ஒரு நாள் சென்றுவரத் தகுந்ததே, உறுப்பினர்கள் பார்த்தனர் என்று எழுதினேன். சார் ஒன்றும் கிறுக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். டிஸ்கஸ் இல்லை. ஃபைல் முடிந்தது.

மார்ச் மாதக் கடைசியில் பெங்களூர் கிளம்பும் முன்னால் இருவரும் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டார்கள். என் வீட்டுக்கும் டாக்ஸி வந்தது. சார் மட்டும் இறங்கி மாடி ஏறி வந்தார். இளைத்திருந்தார். கையைக் கூப்பினார், போயிட்டு வரேம்மா, தப்பா ஒண்ணும் நினைச்சுக்காதே என்றார். அது இருபத்திரண்டு வருஷத்துக்கு அவர் கேட்ட மன்னிப்பா, வழக்கமான விடைபெறுதலா என்று தெரியவில்லை. எதுவானாலும் எனக்கு இனிக்கத்தான் செய்தது, அதை மறைப்பானேன். அவரோடு கீழே இறங்கி வாசல் வரைக்கும் போனேன். டாக்ஸியின் பின் சீட்டில் மாமி இருந்தார். கண்ணாடி இறக்கித்தான் இருந்தது. மாமி, போயிட்டு வாங்க என்றேன். அவர் திரும்பவில்லை. சார் எனக்காக வெட்கப்பட்டு, காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

சார் இப்போதும் விசேஷ நாளில் ஃபோன் பண்ணுகிறார். மாமி எங்கே என்று கேட்பேன். பக்கத்தில்தான் இருக்கிறாள் என்பார். கொடுங்கள் என்பேன். இந்தா என்று அவர் ஃபோனை நீட்டுவது கேட்கும், பிறகு சாரே தொடர்ந்து பேசுவார்.